கடல் தரும் மாதமும் தராத மாதமும்

சிக்கன வாழ்வும் சொந்த முதலும்: குடும்பங்களுக்கான பாடம்



திருகோணமலைக் கரையில் வாழும் ஒரு குடும்பத்துக்கு வருடத்தில் கூடிய செலவு வரும் மாதம் எது என்று கேட்டால், பெரும்பாலான தாய்மார் தயங்காமல் டிசெம்பர் என்பார்கள். நத்தார் உடுப்பு, பலகாரம், வீட்டுக்கு வெள்ளையடித்தல், வரும் உறவினருக்குச் சாப்பாடு. அந்தக் களை ஆறுமுன்னே தை பிறந்துவிடும். பிள்ளைகளுக்குக் கொப்பி, பை, சப்பாத்து வாங்க வேண்டும். சரி, வரவு மிகக் குறைந்த மாதம் எது என்று கேட்டுப் பாருங்கள். அதற்கும் அதே பதில்தான் வரும். வாடைக் காற்று வீசும் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் கடல் கொந்தளிக்கும். வள்ளங்கள் கரையேற்றிக் கிடக்கும். நிலாவெளி, உப்புவெளிக் கரைகளை நாடி வரும் உல்லாசப் பயணிகளும் அம்மாதங்களில் குறைந்துவிடுவர்.

ஆக, செலவு உச்சியில் ஏறும் காலமும் வரவு அடியில் விழும் காலமும் நம் பகுதியில் ஒன்றேயாகும். இரண்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தைக் கடன் நிரப்புகிறது. கச்சான் காலத்து மீன் அந்தக் கடனை அடைக்கிறது. மறு மார்கழியில் பள்ளம் மீண்டும் தோன்றுகிறது. வருடா வருடம் உழைத்தும் கையில் ஒன்றும் நிற்கவில்லையே என்று பல குடும்பத் தலைவர்கள் மனம் நொந்து சொல்வதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

"சிக்கனமாய் இருங்கள்" என்று சொல்லி நிறுத்துவது இப்பாடத்தின் நோக்கமன்று. அரை வயிற்றோடு படுப்பவருக்குச் சிக்கனத்தைப் போதிப்பது அறமாகாது. அன்றாடப் பிடிப்பிலிருந்து மிஞ்சக்கூடிய ஒரு சிறு தொகையை எவ்விதம் காப்பது, அதை எவ்விதம் சொந்த வருமானம் தரும் முதலாக மாற்றுவது என்பதையே நாம் இங்கு ஆராய்வோம்.

1. கூலியின் கயிறு பிறர் கையில்

நம் நகரின் வரலாறே முதற் சான்று. பிரித்தானியக் கடற்படை இங்கே தளம் வைத்திருந்த காலத்தில் நகரின் வாழ்வு அதைச் சுற்றியே ஓடியது. இரண்டாம் உலகப் போர் மூண்டபோது வேலை தேடிப் பல பகுதிகளிலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். டொக்யார்ட்டில் சம்பளம் எடுத்தவர், அவருக்குத் துணி வெளுத்தவர், முடி வெட்டியவர், மீனும் மரக்கறியும் விற்றவர் எல்லாருடைய அடுப்பையும் அந்த ஒரே சம்பளம் எரியவைத்தது. 1957 ஒக்டோபர் 15ஆந் திகதி தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. சுதந்திர நாட்டுக்கு அது பெருமைக்குரிய நாள்தான். எனினும், அந்தச் சம்பளத்தையே நம்பியிருந்த வீடுகளுக்கு அது வேறொரு கணக்கையும் கொண்டுவந்தது. உழைப்பவரின் திறமையில் ஒரு குறையும் ஏற்படவில்லை, சோம்பலும் காரணமன்று. தூரத் தலைநகரங்களில் எடுக்கப்பட்ட ஒரு முடிவு நம் வீட்டு உலை மூடியைத் தொட்டது.

அதன்பின்னும் இக்கதை ஓயவில்லை. போர் ஆண்டுகளில் கடலுக்குப் போவதற்கே கட்டுப்பாடுகள் இருந்தன. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை வள்ளத்தையும் வலையையும் ஒரு காலைப் பொழுதில் கொண்டுபோயிற்று. 2022 ஏப்ரலில் நாடு தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதெனக் கைவிரித்தது. அவ்வாண்டு ஓகஸ்ட்டில், வள்ள இயந்திரங்களுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் ஏற்றப்பட்டது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை எட்டியது.

இவற்றில் எதையும் ஒரு தனிக் குடும்பம் தடுத்திருக்க முடியாது. ஆனால், இரண்டு மாதச் சாப்பாட்டுக்குக் கையில் பணமும், கடலை மட்டும் நம்பாத இரண்டாவது சம்பாத்தியமும் இருந்த குடும்பம் அந்த அடியைத் தாங்கிற்று. இல்லாத குடும்பம் தாலிக்கொடியை அடைவு வைத்தது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஏழைகள் வீண்செலவு செய்வதால்தான் ஏழைகளாய் இருக்கிறார்கள் என்பது திருச்சபையின் போதனையன்று. பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1891ல் வெளியிட்ட தொழிலாளர் சுற்றுமடலில் இரண்டையும் சேர்த்தே படிப்பித்தார். தொழிலாளியின் கூலி அவனும் மனைவி மக்களும் ஓரளவு வசதியாய் வாழப் போதியதாயிருக்க வேண்டும். அப்படியிருந்தால் அவன் சிக்கனத்தால் சிறிது மிச்சப்படுத்தித் தனக்கென ஒரு சிறு உடைமை தேடிக்கொள்வான் என்பது அவர் கருத்து. முதலில் நியாயமான கூலி, பிறகு சிக்கனம், அதன் பயனாகச் சொந்த உடைமை என்ற அந்த ஒழுங்கை நாம் மறக்கலாகாது. 2025ல் தெரிவான பாப்பரசர், 14ஆம் சிங்கராயர் என்னும் பெயரைத் தாம் ஏற்றதற்கு அந்தச் சுற்றுமடலையே முக்கிய காரணமாகக் குறிப்பிட்டார். நூற்று முப்பது ஆண்டு கடந்தும் அந்தப் பாடம் முடியவில்லை என்பதே இதன் பொருள்.

2. கடனின் உண்மை விலை

எந்தப் பொருளையும் விலை கேட்டு வாங்குகிற நாம், கடனை மட்டும் விலை கேளாமல் வாங்குகிறோம். நம் கரையில் வழங்கும் கடன்கள் சிலவற்றுக்கு விலை போட்டுப் பார்ப்போம். கீழே வரும் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் வீட்டுத் தொகையை அவ்விடத்தில் வைத்து நீங்களே கணக்கிடுங்கள்.

முதலாவது, மீன் முதலாளி தரும் முற்பணம். "வட்டியில்லாக் காசு" என்றுதான் இதைச் சொல்வார்கள். வலைக்கோ இயந்திரத்துக்கோ இரண்டு இலட்சம் ரூபா தருகிறார். வட்டி கேட்பதில்லை. ஆனால், மீனை அவருக்கே கொடுக்க வேண்டும். விலையை அவரே சொல்வார். கரை விலையிலும் கிலோவுக்கு 50 ரூபா குறைத்து எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 20 கிலோ என்றால் 1,000 ரூபா குறைகிறது. மாதத்தில் 20 நாள் தொழில் என்றால் 20,000. எட்டு மாதப் பருவத்தில் 1,60,000. பருவம் முடியும்போது இரண்டு இலட்சக் கடனில் ஒரு சதமும் குறையவில்லை. வட்டியில்லாக் காசுக்கு ஒரே பருவத்தில் 80 வீதம் கொடுத்திருக்கிறோம்!

அந்த முதலாளி கொடியவர் என்று இதற்குப் பொருளல்ல. நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வங்கியின் கதவு திறக்காது. அவர் கதவு திறக்கும். அதனாலேயே அக்கடனை விட்டு வருவது கடினமாயிருக்கிறது. அவசரத்துக்கு உதவ வேறொரு கதவு இருந்தாலன்றி மக்கள் இக்கதவை மூடமாட்டார்கள்.

இரண்டாவது, மாத வட்டி. நூற்றுக்குப் பத்து என்று 50,000 ரூபா வாங்கினால் மாதம் 5,000 வட்டி. பன்னிரண்டு மாதத்தில் 60,000 கட்டியபின்னும் முதல் 50,000 அப்படியே நிற்கும். வாங்கியதிலும் கூடுதலாகக் கட்டி, வாங்கியதையும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, பெண்களைக் குழுவாக்கிக் கிழமைக்குக் கிழமை தவணை அறவிடும் நுண்கடன். சுயதொழிலுக்கென்று வாங்கப்பட்ட இக்கடன்களில் பெரும்பகுதி சாப்பாட்டுக்கும் பழைய கடனுக்குமே போயிற்று. கடல் மாதக்கணக்கில் மூடினாலும் தவணை கிழமைதோறும் வந்து நின்றது. ஒரு கம்பனியின் தவணையைக் கட்ட இன்னொரு கம்பனியிடம் கடன் வாங்கியோர் பலர். வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத நுண்கடன்களுக்கு 2018ல் அரசாங்கமே நிவாரணம் அறிவிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது.

நான்காவது, சீட்டு. பத்துப் பேர் மாதம் 5,000 போட்டால், மாதம் ஒருவருக்கு 50,000 கிடைக்கும். முதலில் எடுப்பவருக்கு அது கடன். கடைசியில் எடுப்பவருக்கு அது சேமிப்பு. கழிவு இல்லாமல், ஒருவரையொருவர் நன்கறிந்தவர்கள் நடத்தும் சீட்டு நல்லதே. ஆனால், முதலில் எடுத்தவர் இடையில் நின்றால் காப்பாற்றச் சட்டம் எளிதில் வராது. சீட்டு எடுத்த பணம் என்ன ஆயிற்று என்பதும் முக்கியம். தையல் மெசினாய் நின்றதா, தொலைக்காட்சிப் பெட்டியாய் நின்றதா?

கடனில் இருக்கும் குடும்பத்துக்கு ஒரு சொல்: உங்களுடைய முதற் சேமிப்பு, வட்டி கூடிய கடனை அடைப்பதே. நூற்றுக்குப் பத்துக் கடனில் 10,000 ரூபாவை அடைத்தால் மாதம் 1,000 ரூபா உங்கள் வீட்டிலேயே நிற்கும். இவ்வளவு வருமானம் தரும் சேமிப்புக் கணக்கு எந்த வங்கியிலும் இல்லை.

3. மாதக் கணக்கு அல்ல, வருடக் கணக்கு

வரவு செலவு பற்றிய புத்தகங்கள் மாதச் சம்பளக்காரருக்காக எழுதப்பட்டவை. கடற்றொழில் குடும்பம் மாதக் கணக்கு எழுதினால், எட்டு மாதம் செல்வர், நான்கு மாதம் பரதேசி என்றே வரும். ஆகவே பன்னிரண்டு மாதத்தையும் ஒரே கணக்காகப் பார்க்க வேண்டும்.

எண்ணெய், ஐஸ், வலைச் செலவு எல்லாம் போக, பருவத்தில் மாதம் 90,000 ரூபா வீட்டுக்கு வருகிறது. வாடைக் காலத்தில் களப்பு மீனாலும் கூலி வேலையாலும் மாதம் 20,000 வருகிறது என்று வைப்போம். எட்டு மாதத்தில் 7,20,000. நான்கு மாதத்தில் 80,000. மொத்தம் எட்டு இலட்சம். இக்குடும்பம் வருடம் முழுவதும் மாதம் 60,000 ரூபாவில் வாழத் தீர்மானித்தால் வருடச் செலவு 7,20,000. மிஞ்சுவது 80,000.

கேட்க எளிது; செய்வது எப்படி? மாதம் 20 நாள் தொழில் என்றால் நாளுக்கு 4,500 ரூபா வரும். அதில் 3,000 வீட்டுக்கு. 1,000 வாடைக் காலத்துக்கு. 500 முதலுக்கு. எட்டு மாதத்தில் தொழில் நாள் 160. வாடைக்கென்று 1,60,000 சேரும். நான்கு மாதமும் குறைகின்ற 40,000 வீதம் ஈடுசெய்ய அது சரியாய்ப் போதும். முதலுக்கென்று 80,000 சேரும்.

பிடிப்பு நாளுக்கு நாள் மாறும். எனவே தொகையை நினைவில் வைப்பதிலும் பங்கை நினைவில் வைப்பது நலம்: மூன்றில் இரண்டு வீட்டுக்கு, எஞ்சிய மூன்றில் ஒன்றில் பெரும்பகுதி வாடைக்கு, சிறுபகுதி முதலுக்கு. மீன் படாத நாளில் ஒதுக்க ஒன்றுமில்லை, கவலையும் வேண்டாம். மீன் அள்ளிப்பட்ட நாளிலேதான் கவனம் வேண்டும். அன்றுதான் கை தாராளமாகும்; அன்றுதான் தவறணையும் அருகில் தெரியும். நாளுக்கு 500 ரூபா குடிக்குப் போனால் வருடத்துக்கு 1,82,500 ரூபா. மேற்சொன்ன குடும்பத்தின் வாடைக்காலப் பணம் முழுவதிலும் அது கூடுதல். இதற்குமேல் இதுபற்றிப் பிரசங்கம் தேவையில்லை.

துறைமுகத்திலோ, மா ஆலையிலோ, சீமெந்து ஆலையிலோ, கந்தோரிலோ மாதச் சம்பளம் எடுக்கும் குடும்பத்துக்கும் இதே முறை பொருந்தும். மேலதிக நேரக் கொடுப்பனவும் போனசும் அவர்களுக்குப் பருவ மீன். அடிப்படைச் சம்பளத்தில் வீட்டை நடத்தி, மேலதிகத்தை முதலுக்கு விட்டால் பாதி வெற்றி.

யோசேப்பு எகிப்தில் ஏழு செழிப்பான வருடத்துத் தானியத்தைப் பஞ்ச வருடங்களுக்காகக் களஞ்சியப்படுத்தியதை நம் பிள்ளைகள் மறைக்கல்வியில் படிக்கிறார்கள். பஞ்சம் தொடங்கியபின் அவர் களஞ்சியம் கட்டவில்லை என்பதைக் கவனியுங்கள்.

4. வீட்டுக்கு வருமுன் ஒதுக்குதல்: கன்னியாகுமரிக் கரை

"ஐயா, காசு கைக்கு வந்தால் நிற்காதே!" என்பீர்கள். உண்மை. பசியோடிருக்கும் பிள்ளைக்கு முன்னால் 1,000 ரூபாவை ஒளித்துவைக்க எந்தத் தாய்க்கும் மனம் வராது. ஆகையால் அந்தப் பணம் வீட்டு வாசலுக்கு வருமுன்னரே ஒதுக்கப்பட வேண்டும். இதை நடைமுறையில் செய்து காட்டிய நம்மவர் இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டின் தென்கோடியில், கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக் கிராமங்களில் வாழ்வோர் பெரும்பாலும் கத்தோலிக்க மீனவர்கள். நம்மைப் போலவே முற்பணத்தில் சிக்கியிருந்தவர்கள். பிடித்த மீனின் விலையைப் பிறர் வாயிலிருந்து கேட்டவர்கள். அவர்களுக்கு அடுத்துள்ள கேரளக் கரையில், திருவனந்தபுரத்துக்கு அருகே மரியநாடு என்ற குடியிருப்பில், 1960களில் மறைமாவட்டத்தின் முயற்சியால் ஒரு மீனவர் சங்கம் உருவாயிற்று. மீனை மீனவரே ஏலம் விட்டு விற்பதே அதன் தொழில். அந்த வழி கரையோரமாகப் பரவிக் கன்னியாகுமரிக்கும் வந்தது. கிராமச் சங்கங்கள் மாவட்ட அளவில் இணைந்தன. 1980ல் அவை அனைத்துக்கும் மேலாகத் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது.

இச்சங்கங்கள் கையாண்ட முறை எளியது. சங்கத்தில் சேர்ந்தவர் தம் மீனைச் சங்கத்தின் மூலமே விற்க வேண்டும். சங்கத்தின் ஆள் கரையில் பகிரங்கமாக ஏலம் கூறுவார். விற்ற பணத்திலிருந்து ஒரு வீதம் கடனுக்கும், ஒரு சிறு வீதம் அவர் பெயரில் சேமிப்புக்கும், இன்னொரு சிறு வீதம் சங்கச் செலவுக்கும் கழிக்கப்படும். மிகுதி அவர் கைக்கு வரும். மீன் வியாபாரிக்கும் வட்டிக்காரருக்கும் சங்கத்தில் இடமில்லை. கடலுக்குப் போகிறவரே உறுப்பினர்.

இதன் நுட்பத்தைப் பாருங்கள். கழிவு தொகையாக அல்ல, வீதமாக இருப்பதால் பிடிப்புக் கூடிய நாளில் கடன் கூடுதலாகக் குறையும். பிடிப்பில்லாத நாளில் தவணை இல்லை. கிழமைத் தவணைக்காரர் வாசலில் நிற்கும் அவமானமும் இல்லை. சேமிப்போ மனவுறுதியைப் பொறுத்ததாக இல்லாமல் வழக்கமாகவே ஆகிவிடுகிறது. அந்தச் சேமிப்பைக் கண்டு வங்கியும் கடன் தர முன்வரும். பழைய முற்பணத்தைச் சங்கக் கடனால் அடைத்தவர் அடுத்த நாளே தம் மீனைத் தம் விலைக்கு விற்கலாம்.

சங்கம் இல்லாத கரையிலும் இந்தப் பாடத்தின் பாதியை இன்றே எடுத்துக்கொள்ளலாம். மீன் விற்ற காசை நேரே வீட்டுக்குக் கொண்டுவராமல், வழியிலேயே ஒதுக்கும் பங்கைக் கிராமிய வங்கியிலோ தபாற்கந்தோரிலோ இட்டுவிட்டு வரலாம். இரண்டு மூன்று வள்ளத்தார் சேர்ந்து, நம்பிக்கையான ஒருவரிடம் கணக்குக் கொப்பி வைத்து, கரையிலேயே பங்கைக் கழித்துக் கொள்ளலாம்.

5. சமையலறையில் ஒரு பள்ளிக்கூடம்

சங்கம் என்றதும் நம்மில் சிலருக்குச் சலிப்பு வரும். நிர்வாகச் சண்டை, கணக்கில் குழப்பம், கடன் வாங்கியவர் திருப்பாமை என்று பலவற்றைக் கண்டுவிட்டோம். சங்கங்கள் ஏன் சரிகின்றன? பெரும்பாலும், கட்டடமும் பணமும் முதலில் வந்து, அறிவு பின்னால் வருவதால்.

கனடாவின் கிழக்குக் கரையில் நோவா ஸ்கோஷியா என்றொரு மாகாணம் உண்டு. அங்கும் கத்தோலிக்க மீனவர்கள் வாழ்ந்தனர். அங்கும் வருடத்தில் பல மாதம் குளிர்காற்று தொழிலை முடக்கியது. கான்சோ என்ற வறிய மீன்பிடி ஊருக்குப் பங்குக் குருவாகச் சென்ற ஜிம்மி தொம்கின்ஸ் அடிகளார் மக்களுக்குத் தர்மம் பங்கிடவில்லை. கேள்வி கேட்கப் பழக்கினார். 1928ல் அந்திகோனிஷ் நகரிலுள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் பல்கலைக்கழகம் மக்கள் கல்விக்கென ஒரு பகுதியைத் தொடங்கியது. அதற்குப் பொறுப்பாயிருந்த மோசஸ் கோடி அடிகளார் கரையோரம் முழுவதும் சிறு படிப்புக் குழுக்களை அமைத்தார். சில குடும்பங்கள் கிழமைக்கு ஒருமுறை ஒரு வீட்டின் சமையலறையில் கூடும். "நம் சிங்கி இறாலுக்கு நகரத்தில் என்ன விலை? நமக்கு என்ன விலை? நடுவில் உள்ள பணம் எங்கே போகிறது?" என்று ஆராயும். விடை தெரிந்தபின்பே சங்கம் வந்தது. சொந்தமாகச் சிங்கி இறால் பதனிடும் தொழிற்கூடங்கள் வந்தன. 1932ல் கடனுதவுச் சங்கங்களுக்கெனச் சட்டமும் இயற்றப்பட்டது. உலகமே பொருளாதாரப் படுகுழியில் கிடந்த ஆண்டுகளில், சல்லி சல்லியாகச் சேர்த்த மீனவர்கள் இதைச் செய்தார்கள்.

நம் நாட்டிலும் இது புதிதன்று. சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்கள் 1906 முதல் இலங்கையில் உள்ளன. 1911ல் அவற்றுக்குச் சட்டம் வந்தது. 1978 முதல் சணச என்ற பெயரில் அவ்வியக்கம் புத்துயிர் பெற்றது. மாதம் ஒரு சிறு தொகை சேமித்து, அந்தப் பணத்திலிருந்தே உறுப்பினருக்குக் கடன் கொடுத்து, வட்டியின் இலாபத்தை உறுப்பினரே பெறுவது அவற்றின் முறை. அவசரத்துக்குத் திறக்கும் இன்னொரு கதவு என்று மேலே சொன்னோமே, அது இதுவே.

6. முதலை எதில் இடுவது?

80,000 ரூபா சேர்ந்துவிட்டது. பெட்டியில் வைப்பதா? 2022ஐ நினைத்துப் பாருங்கள். விலைகள் ஒரு வருடத்தில் 70 வீதம் ஏறினால், ஓர் இலட்சம் ரூபாவுக்கு முன்பு ஏறக்குறைய 59,000 ரூபாவுக்கு வாங்கிய பொருளே கிடைக்கும். பெட்டிக்காசை யாரும் திருடாமலேயே அது கரைந்துபோகும். அவசரத்துக்கு வேண்டியதை வங்கியில் வைத்து, மிகுதியைத் தொழில் செய்யும் பொருளாக மாற்றுவதே அறிவுடைமை. தையல் மெசினுக்கும் வலைக்கும் இடியப்ப உரலுக்கும் விலைவாசியோடு சேர்ந்து விலை ஏறும். அவை உழைத்தும் கொடுக்கும்.

எந்தத் தொழில்? நம் பகுதிக்கு ஒரு விதி சொல்லலாம்: இரண்டாவது சம்பாத்தியம் வாடையிலும் வரவேண்டும். கடற்றொழிலும் உல்லாசப் பயணத் தொழிலும் ஒரே பருவத்தில் ஏறி ஒரே பருவத்தில் இறங்குபவை. கணவன் கடலிலும் மனைவி ஹோட்டலிலும் வேலை செய்தால் மார்கழியில் இருவர் கையும் வெறுங்கை. தையலோ நத்தாருக்கும் தைப்பொங்கலுக்கும் ஓடர் குவியும் தொழில். இடியப்பம், அப்பம், பலகாரம் மழையிலும் விற்கும். கோழி வளர்ப்பும் முட்டையும் காற்றுத் திசையைப் பார்ப்பதில்லை. வலை பின்னலும் பொத்தலும், வள்ளம் கரையில் கிடக்கும் காலத்துக்கே உரிய வேலைகள்.

கருவாட்டை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மீன் மலிந்த நாளில் 40 கிலோ நெத்தலி கிலோ 300 ரூபாப்படி 12,000 ரூபா. உப்புக்கும் பாய்க்கும் 800. காய்ந்தபின் ஏறக்குறைய 11 கிலோ தேறும் என்று வைப்போம். அன்றே கிலோ 1,600க்கு விற்றால் 17,600, மிச்சம் 4,800. இருவர் மூன்று நாள் வேலை செய்திருந்தால், ஒருவருக்கு ஒரு நாளுக்கு 800 ரூபாதான் விழுந்திருக்கிறது. அதே கருவாட்டை நன்கு உலர்த்தி, ஈரம் படாமல் வைத்து, மீன் அருகும் கார்த்திகையில் கிலோ 2,000க்கு விற்றால் 22,000, மிச்சம் 9,200. வேலை ஒன்றே, மிச்சம் ஏறக்குறைய இரு மடங்கு. காத்திருக்க முடிந்ததே வித்தியாசம். கடன்காரருக்கு உடனே பதில் சொல்ல வேண்டியவரால் காத்திருக்க முடியாது. சேமிப்பு வைத்திருப்பவரால் முடியும். முதல் என்பதன் முழுப் பொருளும் இதில் அடங்கியிருக்கிறது.

தொழில் தொடங்குவோர் மூன்றைக் கடைப்பிடியுங்கள். ஒன்று, தொழில் காசும் வீட்டுக் காசும் வெவ்வேறு பையில் இருக்கட்டும்; வீட்டுக்கு எடுத்த மாவுக்கும் முட்டைக்கும் விலை எழுதுங்கள். இரண்டு, உங்கள் உழைப்புக்கும் கூலி போட்டுக் கணக்குப் பாருங்கள். மூன்று, கடன் கொடுக்கும் எல்லையை முதல் நாளே தீர்மானியுங்கள். சுற்றத்தாருக்குக் கடன் கொடுத்தே மூடிய கடைகள் நம் ஊரில் குறைவல்ல.

7. நன்றாக வாழ்வது

சிக்கனம் என்றால் வாடி வதங்குவதன்று. சூடை, நெத்தலி, கீரி போன்ற சிறு மீன்கள் மலிவாயினும் பிள்ளைகளின் எலும்புக்கும் இரத்தத்துக்கும் வலுவூட்டுபவை. பெரிய மீனை விற்றுச் சிறிய மீனை உண்பதில் குறைவேதும் இல்லை. முற்றத்து முருங்கையும் வேலிக் கீரையும் கடைக்காரரிடம் கடன் சொல்ல வேண்டாதவை. சீனன்குடாவில் மா ஆலை இருந்தாலும் கோதுமை கப்பலில்தான் வருகிறது. டொலர் ஏறினால் பாணும் ஏறும். அரிசியும் குரக்கனும் மரவள்ளியும் அப்படியல்ல.

பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. முதல்நன்மை, சாமத்தியச் சடங்கு, கலியாணம் ஆகியவற்றுக்கு மண்டபமும் வீடியோவும் இருநூறு பேர் சாப்பாடும் வேண்டுமென்று யார் விதித்தது? முதல்நன்மை வாங்கும் பிள்ளைக்குத் தூய உள்ளமும் ஒரு வெள்ளை உடுப்பும் போதும். "சனம் என்ன சொல்லும்?" என்ற ஒரு கேள்விக்காக மூன்று வருடம் வட்டி கட்டுகிறோம். அயலவர் நாலு பேர் கூடிப் பேசி, எல்லாரும் எளிமையாகச் செய்வதென்று முடிவெடுத்தால் ஒருவருக்கும் வெட்கமில்லை.

கணவனும் மனைவியும் ஒரே கொப்பியைப் பார்த்துக் கணக்கெழுதுவது எல்லாவற்றிலும் மேலான சிக்கனம். வரவு எவ்வளவென்று மனைவிக்குத் தெரியாத வீட்டிலும், கடன் எவ்வளவென்று கணவனுக்குத் தெரியாத வீட்டிலும் சேமிப்பு தங்குவதில்லை. வளர்ந்த பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்துங்கள். காரணம் தெரிந்த பிள்ளை புதிய சப்பாத்துக்கு அடம்பிடிப்பது குறையும்.

அன்பியக் கூட்டங்களிலும் குடும்பங்களிலும் கலந்துரையாட:

1. சென்ற வருடம் நம் வீட்டில் வரவு கூடிய மாதங்கள் எவை? குறைந்த மாதங்கள் எவை? பன்னிரண்டு மாதத்தையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

2. நாம் வாங்கியிருக்கும் ஒவ்வொரு கடனுக்கும் ஒரு வருடத்தில் கொடுக்கும் உண்மை விலை எவ்வளவு? முற்பணத்துக்காகக் குறைத்துக் கொடுத்த மீன் விலையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

3. நம் கரையில் விற்கும் மீன் கொழும்புச் சந்தையில் என்ன விலைக்குப் போகிறது? நடுவில் உள்ள பணத்தில் எவ்வளவு நியாயமான செலவு?

4. நம் பங்கில் இப்போது இயங்கும் சிக்கன சங்கம் உண்டா? இல்லையெனில், மாதம் 500 ரூபா போடத் தயாரான பத்துக் குடும்பங்கள் நம்மிடையே உண்டா? கணக்கெழுதும் பொறுப்பை யாரிடம் கொடுப்போம்?

5. இந்த வருட நத்தார்ச் செலவை எந்த மாதத்து மீன் கொடுக்கப் போகிறது?

ஐந்தாம் கேள்விக்குப் பருவம் தொடங்கும்போதே விடை எழுதி, அடுப்படிச் சுவரில் ஒட்டிவையுங்கள்.